மணி அடித்தால் நன்றி, வணக்கம்

இந்த ஆண்டு சக்கரவர்த்தியின் தோளில் பொன்னாடை விழ விடுவதில்லை என்று கண்ணாயிரம் உறுதி எடுத்துக்கொண்டார். உறுதி எடுத்த இடம், தேரடித் தெருவில் அவருடைய வாடகை சைக்கிள் கடை. எடுத்த நேரம், ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரம். உணர்ச்சி மிகுந்து அழுத்தியதில் ஒட்டு டியூபை விட்டுவிட்டு அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

திருவண்ணாமலை நாவன்மை மன்றம் ஞாயிறு மாலைகளில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் கூடும். கீழே மூட்டை, மேலே பேச்சு. எடை இரண்டு இடத்திலும் உண்டு. மேடை என்றாலே கால் நடுங்கிய வேங்கிக்கால் வாத்தியார் ஒருவர், இந்த மன்றத்தில் பழகி வேலூர் போய் இரண்டாம் பரிசு வாங்கி வந்தார். திக்கித் திக்கிப் பேசும் ஜவுளிக்கடைக் கணக்கர், தங்கையின் கல்யாணத்தில் ஓர் இடத்திலும் திக்காமல் நன்றியுரை சொல்லி, சம்பந்தி வீட்டாரையே அழவைத்தார். உறுப்பினர்களின் இந்தச் சாதனைகளையெல்லாம் ஆண்டுதோறும் எழுதி வாசிப்பவர் செயலாளர் கண்ணாயிரம்தான். அந்த வரிசையில் தன் பெயரை எழுத மட்டும் அவருக்கு வாய்ப்பு வந்ததில்லை.

காரணம், மன்றத்தின் விதி. ஐந்து நிமிடம். நாலாவது நிமிடம் முடிந்தால் ஒரு மணி, ஐந்து முடிந்தால் பெரிய மணி. அதற்கு மேல் பேசினால் பரிசு இல்லை.

கண்ணாயிரம் யார்? மைக் பழுதான நேரத்தில் கீழ்பென்னாத்தூர் சந்தையையே வெறும் தொண்டையால் நிறுத்திவைத்தவர். அறுபத்தைந்தில், மொழிப் போராட்டத்தில் சிறை போனவர். அங்கே அவரோடு ஒரே குவளையில் கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் இன்று கவுன்சிலர். ஒருவர் ஏதோ வாரியத்துக்குத் தலைவர். இன்னொருவர் கார் வாங்கிவிட்டார். சைக்கிள் கடை வரும்போது மட்டும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். கண்ணாயிரத்துக்குக் கிடைத்தது முதுகுவலி. எத்தனையோ கூட்டங்களில் மற்றவர்களுக்குப் போர்த்துவதற்காகப் பொன்னாடையைப் பிரித்துக் கொடுத்தது அவருடைய கை. அவர் தோளுக்கு ஒரு துண்டுகூட வந்ததில்லை. மன்றத்தின் ஆண்டுவிழாப் போட்டியில் பரிசாகத் தரும் பொன்னாடை ஒன்றுதான் இனி அவருக்கு எட்டக்கூடியதாக இருந்தது. அதையும் மூன்று ஆண்டுகளாகச் சக்கரவர்த்தி போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

சக்கரவர்த்தி காப்பீட்டு முகவர். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மரணத்தில் கொண்டுபோய் முடிப்பார். கைதட்டல் அடங்குவதற்குள் ஒருவருக்காவது பாலிசி போட்டுவிடுவார். ஆனால் மணி அடிக்குமுன் உட்கார்ந்துவிடுவார்.

"உங்களுக்கு நேரம் எங்க போவுது தெரியுமா?" என்றாள் கண்ணாயிரத்தின் மனைவி ரேணுகாம்பாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

"எங்க?"

"'அவர்களே'ல போவுது. தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, நடுவர் அவர்களே, அரிசி மண்டி ஓனர் அவர்களே. போன வருஷம் தண்ணி கொண்டாந்து வெச்ச ஆளுக்குக்கூட ஒரு அவர்களே. பாவம், அந்த ஆளு வெலவெலத்துப் போய் சொம்பைக் கீழ போட்டுட்டான். அதுக்குள்ள நாலு நிமிஷம்."

"ரேணுகா, அது மேடை மரபு. ஒருத்தர் பேர விட்டா அவர் கோச்சுக்குவாரு."

"'பெரியோர்களே, தாய்மார்களே'னு சொன்னா எல்லாரும் அதுக்குள்ள வந்துட மாட்டாங்களா?"

"வருவாங்க. கோச்சுக்கிட்டே வருவாங்க."

"வரட்டும். உங்களுக்குப் பொன்னாடை வேணுமா, தண்ணி கொண்டாந்தவர் தயவு வேணுமா?"

கண்ணாயிரம் யோசித்தார். மறுநாளே மன்றத்தின் மேஜை மணியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தலையில் தட்டினால் 'டிங்' என்னும் மணி. அவர் பேச வேண்டும். நேரம் ஆனதும் ரேணுகாம்பாள் தட்ட வேண்டும். தட்டிய நொடியில், வாக்கியம் பாதியில் தொங்கினாலும், "நன்றி, வணக்கம்" என்று அவர் உட்கார வேண்டும். இதுதான் பயிற்சி.

ஒரே ஒரு சிக்கல். ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் பேச முடியாது. அவர் வாழ்நாளில் பேச்சு அற்றுப்போனது ஒரே முறைதான். அவர்களுடைய சீர்திருத்தக் கல்யாணத்தில். பதினோரு பேர் வாழ்த்திப் பேசி முடித்து, மாப்பிள்ளை நன்றி சொல்ல எழுந்தபோது, பெண் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். 'நன்றி' என்ற சொல்லே அவருக்கு மறந்துபோனது. பிறகு பெண்ணே எழுந்து சொன்னாள். அதனால் ஒத்திகையின்போது அவர் சுவரைப் பார்த்து நின்றார். பின்னால் அவள் மணியோடு உட்கார்ந்தாள்.

இரண்டே நாளில் மணி கெட்டுவிட்டது.

"தட்டனேங்க. உள்ள போன தலை வெளிய வர்ல."

கண்ணாயிரம் பதறிப்போய் அதை அவளிடமே கொடுத்து வாட்ச் கடை கவுஸ் பாஷாவிடம் அனுப்பினார். மன்றத்தில் நேரம் பார்ப்பவரும் அவர்தான். பாஷா கண்ணில் கண்ணாடியைச் சொருகிக்கொண்டு மணியை நெடுநேரம் பார்த்ததாகவும், ஸ்ப்ரிங் வேலூரிலிருந்து வரவேண்டும் என்று சொன்னதாகவும் ரேணுகாம்பாள் வந்து சொன்னாள்.

"அதுவரைக்கும் பயிற்சி?"

"நம்ம வீட்டு மணி இருக்குல்ல?"

வீட்டில் ஒரு மூலை ரேணுகாம்பாளுடையது. அதில் ஒரு விளக்கு, ஓர் அண்ணாமலையார் படம், ஒரு வெண்கல மணி. அந்த மூலையைப் பற்றி அவர் பேசுவதில்லை. அவருடைய கூட்டங்களைப் பற்றி அவளும் பேசுவதில்லை. கல்யாணத்தன்றே செய்துகொண்ட உடன்படிக்கை.

"நான் பகுத்தறிவு பேசறவன். சாமி மணிக்கு நிக்கறதா?"

"சாமிக்கு நின்னாத்தானே தப்பு. டைமுக்கு நிக்கறதுல இன்னா தப்பு?"

இதற்குப் பதில் ஏதாவது துண்டறிக்கையில் இருந்திருக்கலாம். கண்ணாயிரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பயிற்சி பலித்தது. கொஞ்சம் ஜாஸ்தியாகவே பலித்தது. ஒருநாள் சோற்றில் உட்கார்ந்து சாம்பாரையும் சர்க்காரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். மூலையில் மணி அடித்தது. "நன்றி, வணக்கம்" என்று பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார். கடையில் ஓர் ஆளோடு வாடகை பேசிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் சும்மா சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தான். கண்ணாயிரம் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவன் போன பிறகுதான் வாடகை ஞாபகம் வந்தது.

இந்த ஆண்டுப் போட்டியின் தலைப்பு, 'மறக்க முடியாத நாள்'. அவர் தயாரித்தது தான் கைதான நாள். தடியடி, முழக்கம், அங்கிருந்து தமிழ்நாட்டு நிலைமை, அதிலிருந்து ஒரே தாவலில் பன்னாட்டு நிலைமை. ஒரு மத்தியானம் ஒத்திகையில் முழக்கத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே வரி மறந்துவிட்டது. வாய்க்கு வந்ததைப் போட்டு இட்டு நிரப்பினார். அன்று பின்னால் மணியே அடிக்கவில்லை. அவர் பன்னாட்டு நிலைமையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ரேணுகாம்பாள் மணியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கிட்டியா?"

"இல்ல. நடுவுல ஒண்ணு சொன்னீங்களே..."

"அதுவா? அது குடும்ப விஷயம். மேடைக்கு ஆவாது. எடுத்துட்டேன்."

"சரிங்க" என்றாள் ரேணுகாம்பாள். அவள் இவ்வளவு சுருக்கமாக 'சரிங்க' சொன்னால் அவர் உஷாராகியிருக்க வேண்டும். போலீசின் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே படித்தவர், இதைப் படிக்கத் தவறிவிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் கவுஸ் பாஷா கடைக்கு வந்தார். ஸ்ப்ரிங் இன்னும் வரவில்லை என்றார், சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

"உங்க வீட்டு மணியையே கொண்டாரலாம்ணே. ஆனா பூசை மணி. நான் எடுத்து ஆட்டறது மரியாதையா இருக்காது. அண்ணியே வந்து அடிச்சாங்கன்னா... நான் வாட்ச்சைப் பார்த்து விரலைத் தூக்கறேன், அவங்க அடிக்கட்டும்."

"அவ எதுக்குப்பா அங்க?"

"அப்ப உங்களுக்குப் பழகின மணி வேணாமா?"

வேண்டும். அந்த மணி இல்லாவிட்டால் தன் பேச்சு நிற்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

விழா நாளில் அரிசி மண்டி மாடி நிறைந்துவிட்டது. தலைவர் இராமலிங்கம் ஆண்டறிக்கையை வாசிக்கச் சொல்ல, கண்ணாயிரம் எல்லாருடைய சாதனையையும் உரத்த குரலில் வாசித்தார். வேங்கிக்கால் வாத்தியார் எழுந்து கும்பிட்டார். கணக்கர் வெட்கப்பட்டார். பிறகு போட்டி. சக்கரவர்த்தி வந்தார், மறக்க முடியாத நாள் என்பது நாம் இறக்கப்போகும் நாள்தான் என்றார், மணிக்கு முன்னால் உட்கார்ந்தார். பலத்த கைதட்டல்.

கண்ணாயிரம் மேடையேறினார். பட்டியலில் இருந்த அத்தனை 'அவர்களே'யையும் விழுங்கிக்கொண்டு, வலப்பக்கம் திரும்பிப் "பெரியோர்களே" என்றார். மேடையில் பேசிப் பழகிய எவரும் அடுத்து செய்வதைத்தான் அவரும் செய்தார். இடப்பக்கம் திரும்பி, "தாய்மார்களே" என்றார்.

அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு தாய்மார். தலையில் கனகாம்பரம், கையில் வெண்கல மணி. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தடியடி போயிற்று. முழக்கம் போயிற்று. தமிழ்நாடு, பன்னாடு எல்லாமே போயிற்று. கல்யாணப் பந்தலில் நின்ற அதே மாப்பிள்ளையாகக் கண்ணாயிரம் நின்றார். சக்கரவர்த்தி சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். பொன்னாடைக்குத் தயாராவதுபோல் தலையை வாரிக்கொண்டார்.

"வந்து..." என்றார் கண்ணாயிரம். "கல்யாணமாகி அப்ப ஒரு மாசம்தான் இருக்கும். என்னை உள்ள போட்டுட்டாங்க. அவளுக்குக்கூடச் சொல்லல. ஒரு வாரம் கழிச்சுப் பார்க்க வந்தா. நான் கம்பிக்கு இந்தப் பக்கம், என் தோழருங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. அழுவான்னு நினைச்சேன். அழுதா சொல்றதுக்கு ஒரு வீர வசனம் தயாரா வெச்சிருந்தேன்."

சக்கரவர்த்தியின் சீப்பு பாதி வாரலில் நின்றது.

"அவ அழல. 'கடை சாவிய எங்க வெச்சுட்டு வந்தீங்க?'ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. பரண் மேலன்னு சொன்னேன். நான் வெளிய வர்றப்ப கடை தெறந்திருந்தது. பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தா. கையெல்லாம் கறுப்பு. மாலையோட வந்தவங்க என்னைக் கடை வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. அவ நிமிந்து பார்த்து, 'சாப்டீங்களா?'ன்னா. நான் நாட்டைத் தெறக்கப் போனேன்னு நினைச்சேன். பூட்டுன கடையத் தெறந்தவ அவதான். இத்தன வருஷத்துல எந்த மேடையிலும் நான் அவ பேரச் சொன்னதே இல்ல. அவ பேரு ரேணுகா—"

மணி அடித்தது. கணகணவென்று, பெரிய மணி.

"நன்றி, வணக்கம்" என்றார் கண்ணாயிரம். உட்கார்ந்துவிட்டார்.

கவுஸ் பாஷாவின் விரல் அவருடைய மடியிலேயே இருந்தது. முதல் மணிக்கே இன்னும் நேரம் இருந்தது. கண்ணாயிரம் தானாகப் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. பிறகு எழுந்த கைதட்டலில் கீழே மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு மேலே ஓடிவந்தார். இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுவர்கள் கலந்து பேசவே இல்லை. சக்கரவர்த்தி சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு, முதல் ஆளாக வந்து கையைக் குலுக்கினார். வழக்கத்துக்கு மாறாகப் பாலிசி பேசவில்லை.

பொன்னாடையோடு கண்ணாயிரம் தேரடித் தெரு முழுக்க நடந்தார். கூடவே மணியோடு ரேணுகாம்பாள். நேரே போனால் வீடு பக்கம். அவர் சுற்றிப் போனார். பொன்னாடையைப் பார்க்காதவர் அந்தத் தெருவில் பாக்கி இருக்கக்கூடாது.

வீட்டு வாசற்படி ஏறும்போதுதான் பொறி தட்டியது.

"ரேணுகா, எனக்கு இன்னும் நேரம் இருந்துச்சாமே. பாய் சொன்னாரு."

"இருந்துச்சு."

"பின்ன ஏன் அடிச்ச?"

"இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா பன்னாட்டு நிலைமைக்குப் போயிருப்பீங்க. பொன்னாடை போயிருக்கும்."

"நான் அதைச் சொல்லுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அத எடுத்துட்டேனே!"

"என் மூஞ்சியப் பார்த்தா உங்களுக்கு வசனம் மறந்துடும். வசனம் மறந்தாத்தான் அது வாய்ல வரும்." அவள் பொன்னாடையின் மடிப்பை அவர் தோளில் சரிசெய்தாள். "அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் சமையலறைக்குள் போனாள். அவர் பொன்னாடையை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார்.

"எல்லாம் சரி ரேணுகா. ஆனா வரலாறுன்னு ஒண்ணு இருக்கு. அந்தத் தடியடிய விட்டது தப்பு. அதுல ஆரம்பிச்சு, தமிழ்நாட்டு நிலைமை, அப்புறம் பன்னாட்டு அரங்கில இன்னிக்கு என்ன நடக்குதுன்னா—"

சமையலறையில் 'டிங்' என்றது.

மன்றத்து மேஜை மணி. வேலூர் ஸ்ப்ரிங்குக்காகக் காத்திருந்த மணி. பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு கோளாறும் இல்லாமல், பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

கண்ணாயிரம் கோபத்தோடு வாயைத் திறந்தார்.

"நன்றி, வணக்கம்" என்றது வாய்.