இரண்டு நாற்பத்தொன்று

படித்ததைப் படித்தபடி செய்யாமல் சொந்த மூளையைக் காட்டுவது எனக்குச் சின்ன வயதிலேயே வந்த வியாதி. அதனால் புத்தூரில் ஒரு கலியாணமே குழம்பப் பார்த்தது.

சாவகச்சேரியில் மாமி கலியாணத் தரகு செய்துவந்தார். கணினி வகுப்பு முடித்த கையோடு, அவரிடம் இருந்த மாப்பிள்ளைமாரின் குறிப்புகளை எல்லாம் நான் கணினியில் ஏற்றினேன். ஆளுக்கொரு இலக்கம். புதிதாக வருபவருக்குத் தரவுத்தளமே தானாக இலக்கம் போடும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். (அதைக் கேட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?) மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணி, ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும்படி நானே எழுதினேன்.

அப்போது நாற்பத்தொரு பேர். ஏழாம் இலக்கத்துக்குக் கலியாணம் சரிவர, அவரை அழித்தேன். மிச்சம் நாற்பது. அடுத்து வந்தவருக்கு என் கணக்கு கொடுத்த இலக்கம் நாற்பத்தொன்று. அந்த இலக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

புத்தூர்ப் பெண் வீட்டார் நாற்பத்தொன்றைப் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். பொத்தானை அமத்தினேன். குறுஞ்செய்தி இரண்டு வீட்டுக்கும் போனது.

ஞாயிறு காலை பத்து மணி. மாமியோடு நானும் புத்தூர் வீட்டில் இருந்தேன். முதல் மாப்பிள்ளை பகுதி வடை சாப்பிட்டுக்கொண்டிருக்க, வாசலில் இன்னொரு வான் வண்டி வந்து நின்றது.

“நாங்கள் நாப்பத்தொண்டு” என்றார் வானிலிருந்து இறங்கியவர்.

“அதெப்பிடி? நாங்களெல்லோ நாப்பத்தொண்டு!” முதல் மாப்பிள்ளையின் சித்தப்பா எழும்பிவிட்டார்.

மாமி என் பக்கம் திரும்பினார். “எடியே, நம்பர் போட்டது ஆர்?”

“நான்தான் மாமி.”

பெண்ணின் தகப்பன் இரண்டு பகுதியையும் மாறி மாறிப் பார்த்தார். (அதற்குள் நான் மூன்று தரம் செத்தேன்.) “வந்த சனத்தை வாசலிலை விடேலாது. எல்லாரும் உள்ளுக்கை வாங்கோ” என்றார்.

நான் குசினிக்குள் ஒளித்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மணப்பெண் மெதுவாகக் கேட்டாள்: “தங்கச்சி, இன்னும் ஆரும் வருவினமோ? சீனி முடியப்போகுது.”

முதல் பகுதி கோபித்துக்கொண்டு போனது. மாமி ஒரு கிழமை தொலைபேசியில் ஏச்சு வாங்கினார். பெண்ணோ, வீட்டார் கேட்காத இரண்டாவது நாற்பத்தொன்றையே பிடித்திருக்கிறது என்றாள். கலியாணமும் நடந்தது. அந்த ஞாயிறு பின்னேரமே நான் இலக்கம் போடும் வேலையைத் தரவுத்தளத்திடம் விட்டுவிட்டேன். ஆளை அழித்தாலும் அவருடைய இலக்கத்தை அது வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

பிறகு எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, கையில் இலக்கப் பட்டியோடு கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வந்த மாமி பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“ரெண்டுக்கும் வேறை வேறை நம்பர் போட்டிருக்கினமோ எண்டு பாத்தனியோடி?”