ஓடத்தில் பெண் ஏறும் நேரம்

இனி இந்த வீட்டில் எதற்கும் தலையாட்டுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தார். தலையாட்டுவது என்றால் மேலும் கீழுமாக. பக்கவாட்டில் ஆட்டலாம். ஆட்டத்தான் போகிறார்.

காரணம், முந்தின நாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்த பேச்சு. பால்கனியில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா இங்கே வந்து தங்குவதற்கு அப்பா ஒத்துக்கொள்வாரா என்று மகள் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு" என்றாள் மனைவி. "ஓடத்துல அந்தப் பொண்ணு ஏறட்டும். அப்ப கேட்டா உங்கப்பா எதுக்கும் சரிம்பார். இத்தன வருஷமா நான் வேற எப்ப கேட்டிருக்கேன்?"

ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

ஓடமும் பெண்ணும் வருவது ஒரு பழைய சினிமாவில். அந்தப் படத்தை அவர் அறுநூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, டிவி இருக்கும் சின்ன அறையில், கைப்பிடி தேய்ந்துபோன நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஓடக்காரர் ஒருவர். சின்ன வயதிலேயே பிரிந்துபோன மகள், வளர்ந்து ஆளாகி, அப்பா யாரென்று தெரியாமலே அவர் ஓடத்தில் ஏறுவாள். அவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். அக்கரை வந்தால் இறங்கிப் போய்விடுவாளே என்று துடுப்பை மெல்ல மெல்லப் போடுவார். இந்தத் தடவையாவது வாயைத் திறந்து சொல்லிவிட மாட்டாரா என்று மெக்கானிக்குக்கு ஞாயிறுதோறும் ஒரு நப்பாசை. சொல்ல மாட்டார். நாலு நிமிஷம் ஓடும் அந்தக் காட்சி முழுக்க மெக்கானிக் குலுங்கிக் குலுங்கி அழுவார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும், ஆளை விட்டால் போதும் என்று தலையை ஆட்டிவிடுவார்.

இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் விளங்கியது. படுக்கையறைச் சுவர் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது எப்படி? கட்டிலில் இடித்துப் பாதி மட்டுமே திறக்கும் பீரோ வந்தது எப்படி? அவருடைய பைக் மச்சினன் வீட்டுக்குப் போனது எப்படி? ஒவ்வொரு தடவையும் "நீங்கதானே சரின்னீங்க" என்பாள். அவருக்கு ஞாபகமே இருக்காது. மறுத்துப் பேசவும் வழியில்லை. படம் ஓடும்போது சொன்னால் சொன்னதுதான், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம். படம் முடிந்தபின் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான்.

பீரோ போகட்டும், பைக்கும் போகட்டும். மச்சினன் விஷயம் அப்படியல்ல. போன தடவை ஒரு வாரம் என்று வந்தவன் பதினொரு மாசம் இருந்தான். படுக்கை அந்தச் சின்ன அறையில்தான். படுத்தாலாவது தூங்க வேண்டுமல்லவா? பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்து வருவதை முன்கூட்டியே சொல்வான். "இப்பப் பாருங்க மாமா, அவ செருப்பக் கையில எடுத்துக்குவா." அவள் எடுப்பாள். மெக்கானிக்குக்குக் கண்ணீர் வராது, கொட்டாவி வரும். அவனுக்கு வீட்டில் வைத்த பெயரே 'அடுத்த சீன்'. அவன் மறுபடி வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட வேண்டியதுதான்.

நேராகவே முடியாது என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் மனைவியோடு பேசி அவர் ஒரு தடவை கூட ஜெயித்ததில்லை. பேச்சே இல்லாமல் ஜெயிக்க அந்த நாலு நிமிஷம்தான் வழி. அவள் கேட்பாள், இவர் பக்கவாட்டில் ஆட்டுவார், கதை முடிந்தது. சட்டம் சட்டம்தானே.

ஒத்திகை தொடங்கியது. வேலை செய்யும் கட்டிடத்தில் லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து, ஓடத்தை நினைத்துக்கொண்டு, கண் கலங்கியபடி தலையை இடதும் வலதும் ஆட்டிப் பழகினார். உள்ளே ஏற வந்த ஓர் அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, லிஃப்டுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எட்டு மாடியும் படியேறிப் போனாள். வீட்டிலும் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகினார். மனைவி எட்டிப் பார்த்து, கழுத்து சுளுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று வாய் சொன்னது. தலை இல்லை என்றது. அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு சந்தேகம் வந்தது. தலை சரியாகத்தான் ஆடும், ஆனால் அவள் குரல்? அந்த நேரத்தில் மெதுவாக "என்னங்க" என்று ஆரம்பித்தாளென்றால் ஆள் காலி. சனிக்கிழமை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். காதில் பஞ்சு. வசனம் எல்லாம் மனப்பாடம்தான், கேட்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அவள் வாய் அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

ஞாயிறு வந்தது. பஞ்சை உள்ளே தள்ளி, மேலே முடியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் கரையில் நின்று கை காட்டியதும் இவர் ஓரக்கண்ணை மனைவி பக்கம் திருப்பினார். ஏறினாள். துடுப்பு மெல்ல விழுந்தது. கண்ணீர் வழக்கம்போல் வந்தது.

ஓரக்கண்ணில் மனைவியின் உதடு அசைந்தது.

பக்கவாட்டில் ஆட்டினார். மூன்று தடவை, பலமாக.

உதடு மறுபடி அசைந்தது. இந்தத் தடவை கழுத்து நரம்பு புடைக்க ஆட்டினார். மனைவி பெருமூச்சு விட்டாள். மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி எழுந்து போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஓடம் கரை சேர்ந்தது. மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தபடி அந்தப் படத்தைப் பார்த்து முடித்தார். பாவம், அவளுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். நாலு வார்த்தை ஆறுதல் சொல்வோம் என்று பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"வருத்தப்படாத. உன் தம்பிக்கு வேற எடமா கிடைக்காது?"

"வேற எடம் எதுக்கு?" என்றாள் அவள். "நாளைக்கே பெட்டியோட வர்றான்."

"நான்தான் கூடாதுன்னு தலையாட்டினேனே. படம் ஓடும்போது சொன்னா சொன்னதுதான்."

"அதேதாங்க. 'தம்பிய வர வேணாம்னு சொல்லிடட்டுமா'ன்னு ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் கூடவே கூடாதுன்னுட்டீங்க. அதைச் சொன்னதும் பாவம், சந்தோஷத்துல அவன் போன்லயே அழுதுட்டான்."