ஆளில்லாத் தீவில் ஒன்பது பேர்

கொடியில் தொங்கிய கம்பளி உள்ளாடையை யோர்டிஸ் இழுத்த இழுப்பில் கயிறே அறுந்து கையோடு வந்துவிட்டது. அதற்குள் வெள்ளைக் கப்பல் முனையைச் சுற்றி மூக்கை நீட்டிவிட்டது.

"எல்லாரும் படகுக் கொட்டகைக்குள்ள போங்க. பேசக்கூடாது, இருமக்கூடாது. ரெண்டே மணி நேரம்தான். நாம யாரும் இங்க இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

"நாம இல்லன்னா கொட்டகைக்குள்ள போறது யாரு?" என்று கேட்டார் அவள் கணவர் ஐலர்ட்.

"வாயை மூடிக்கிட்டுப் போறவங்க."

ராவ்ன்வேர் தீவில் மொத்தம் ஒன்பது பேர். யோர்டிஸ்தான் ஊர்ச்சங்கச் செயலாளர். பொய் அவள் வாயில் வராது. எழுத்தில் அதைவிட வராது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பிப்ரவரியில் ஒரு சுற்றுலாக் கம்பெனி படிவம் அனுப்பியிருந்தது. சிறிய கப்பலில் ஆட்களை ஏற்றி, யாரும் போகாத வடகரைகளைச் சுற்றிக்காட்டும் கம்பெனி. அந்த வாரம் ஆண்கள் எல்லோரும் லொஃபோட்டன் தீவுகளுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். பெண்கள் பூடோ நகரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். யோர்டிஸ் கல்யாண வீட்டில் உட்கார்ந்துதான் படிவத்தை நிரப்பினாள். 'இன்றைய தேதியில் தீவில் இருப்பவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டிருந்தது. அன்றைய தேதியில் ஒரு பூனைதான் இருந்தது. 'ஒருவரும் இல்லை' என்று மனசாட்சிப்படி எழுதினாள்.

கம்பெனி துள்ளிக் குதித்தது. வடகடலில் ஓர் ஆளில்லாத் தீவு என்று விளம்பரம் போட்டார்கள். முதல் பயணம் சரியாக அமைந்தால், இடிந்து கிடக்கும் படகுத்துறையைத் தங்கள் செலவில் கட்டித் தருவதாகக் கடிதமும் வந்தது. ஒன்பது பேருக்காகத் துறை கட்ட முடியாது என்று நகராட்சி ஏற்கெனவே கையை விரித்திருந்தது. துறை இல்லாவிட்டால் அக்டோபரோடு தபால் படகு நின்றுவிடும். தபால் படகு நின்றால் மாவு இல்லை, மருந்து இல்லை. ஒன்பது பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போது படிவத்தில் எழுதியது நிரந்தர உண்மையாகிவிடும்.

யோர்டிஸ் உண்மையை விளக்கி மூன்று பக்கம் கடிதம் எழுதினாள். ஐலர்ட் அதைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிப்போய் அடுப்பில் போட்டார்.

கொட்டகையின் இருட்டில் அவள் தலைகளை எண்ணினாள். எட்டு. ஐலர்ட்டின் அக்கா போர்கில்லைக் காணோம். கொஞ்ச நேரத்தில் கை நிறைய மாவோடு அவளும் வந்து சேர்ந்தாள்.

"அடுப்புல காபி வெச்சுட்டு வந்தேன். ரொட்டியும் எடுத்து மேசைமேல வெச்சிருக்கேன்."

"எதுக்குக்கா?"

"நாப்பது பேரு கடல் தண்ணியில நனைஞ்சுக்கிட்டு வராங்க. ஒரு வாய் காபி குடுக்காம அனுப்பினா நாளைக்கு என்ன சொல்லுவாங்க?"

"அக்கா, நாம இங்க இல்லக்கா."

"நாம இல்லாட்டி என்ன, காபி இருந்துட்டுப் போகட்டுமே."

யோர்டிஸ் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். போர்கில் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். புகைகிற பூசணிக்காயை எதில் மறைப்பது?

"ஏங்க, ஓடிப் போய் அணைச்சுட்டு வாங்க."

ஐலர்ட் ஓடினார். ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் அப்படியே கவிழ்த்தார். அதுவரை புகைபோக்கி வழியாக மட்டும் வந்த புகை, இப்போது கதவு, ஜன்னல், கூரை எல்லா வழியாகவும் வந்தது. இருமிக்கொண்டே அவர் கொட்டகைக்குள் வந்து விழவும், ரப்பர் படகுகள் கரையைத் தொடவும் சரியாக இருந்தது.

வழிகாட்டி மார்த்தே ஒஸ்லோப் பெண். இதுதான் அவளுடைய முதல் வேலை. சிவப்பு மேலங்கி போட்ட கூட்டத்தைப் பார்த்து, கையை நீட்டி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அங்க பாருங்க, கடல் மூடுபனி. இந்த மாதிரித் தீவுகள்லதான் இப்படித் தரையோட கிளம்பும்."

எல்லோரும் படம் எடுத்தார்கள். "காபி வாசனை அடிக்குதே," என்றாள் ஓர் அம்மாள்.

"அது பாறையில வளர்ற பாசியோட வாசனை."

செந்தாடிக்காரர் ஒருவர் ஆழமாக மூச்சை இழுத்து, "நல்லா வறுத்த பாசி," என்றார்.

இதற்குள் ஒரு மாலுமி பெரிய மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகைக்குள் எறிந்துவிட்டுப் போனான். அது போர்கில்லின் காலில் விழுந்தது. போர்கில் கத்தவில்லை, அவள் வாழ்நாளில் கத்தாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். கடல் பொங்கி ஆட்கள் கரையில் மாட்டிக்கொண்டால் மாற்றிக்கொள்ள அதே சிவப்பு மேலங்கிகள் அந்த மூட்டையில் இருந்தன. மூட்டையின் மேல் 'இருபது' என்று எழுதியிருந்தது.

அடுத்த நிமிடம் மழை பிடித்தது. "எல்லாரும் அந்தக் கொட்டகைக்குள்ள வாங்க," என்று மார்த்தே கூப்பிடுவது கேட்டது.

"போச்சு," என்றார் ஐலர்ட்.

யோர்டிஸ் மூட்டையைப் பிரித்தாள். இருபது இருக்க வேண்டிய மூட்டையில் ஒன்பதுதான் இருந்தன. ஒன்பது பேருக்கு ஒன்பது. கடவுள் தன் பக்கம்தான் என்று அவள் உறுதியாக நம்பியது அந்த இடத்தில்தான்.

"போட்டுக்கங்க. யாராவது ஏதாவது கேட்டா சிரிச்சுத் தலையாட்டுங்க."

கூட்டம் உள்ளே வந்தபோது சிவப்பு மேலங்கியோடு சிவப்பு மேலங்கி கலந்துவிட்டது. மழை விட்டதும் மார்த்தே எல்லோரையும் ஊர் சுற்றிக்காட்ட அழைத்துப் போனாள். சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஒன்பது பேரும் பின்னாலேயே நடந்தார்கள்.

"எழுபது வருஷத்துக்கு முன்னாடி கைவிட்ட வீடு இது," என்று போர்கில் வீட்டு ஜன்னலைக் காட்டினாள் மார்த்தே. "மேசையில ரொட்டி அப்படியே இருக்கு பாருங்க. குளிர்ல எதுவும் கெடாது."

"ஆவி பறக்குதே," என்றார் ஒருவர்.

மார்த்தே யோசித்தாள். "அதுவும் மூடுபனிதான்."

செந்தாடிக்காரர் ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்து, "பதம் பிரமாதம்," என்றார். போர்கில் முகம் மலர்ந்து நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். யோர்டிஸ் அவள் காலை மிதித்தாள். மூட்டை விழுந்த அதே கால்.

கப்பலில் இருந்து மூன்று முறை சங்கு ஊதியது. காற்று திரும்புகிறது, உடனே ஏற வேண்டும் என்று பொருள். மார்த்தே எல்லோரையும் படகை நோக்கி விரட்டினாள். யோர்டிஸ் மெதுவாகப் பின்வாங்கி ஒரு பாறை மறைவுக்குப் போகப் பார்த்தாள். மார்த்தே கையைப் பிடித்துவிட்டாள்.

"என்னங்க, இங்கயே தங்கிடலாம்னு ஆசையா?"

"அதுதான் ஆசை," என்றாள் யோர்டிஸ். பொய் வராதவள் வேறென்ன சொல்வாள்?

"இங்க வர்ற எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். ஏறுங்க, ஏறுங்க."

மார்த்தே விரல் நீட்டி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு முகம் வாடி யோர்டிஸிடமே புலம்பினாள்.

"எந்தத் தீவுக்குப் போனாலும் எனக்கு எண்ணிக்கை கூடுதலாவே வருது. குறைஞ்சா மட்டும் வந்து சொல்லு, கூடினா உனக்கு எண்ணத் தெரியலன்னு அர்த்தம்னு கேப்டன் சொல்லிட்டார்."

அரை மணி நேரத்தில் ராவ்ன்வேர் தீவு, அந்த வருடத்தில் இரண்டாவது முறையாக, நிஜமாகவே ஆளில்லாத் தீவானது. அதன் மக்கள்தொகை முழுவதும் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் கலைமான் கறிக் குழம்புக்காக வரிசையில் நின்றது.

"இப்ப என்ன பண்றது?" என்று கிசுகிசுத்தாள் யோர்டிஸ்.

"ரெண்டாவது தடவை வாங்கிக்கலாம்," என்றார் ஐலர்ட்.

கேப்டன் எழுந்து கோப்பையைக் கரண்டியால் தட்டினார். "கம்பெனிக்குச் செய்தி அனுப்பியாச்சு. ராவ்ன்வேர் முதல் தரம். மனுஷ வாடையே இல்ல. அடுத்த மாசம் அங்க துறை கட்ட ஆள் வருது. வெள்ளிக்கிழமை திரும்பற வழியில உங்களை மறுபடியும் அங்க இறக்குவோம்."

கூடமே கை தட்டியது. ஒரு மூலையில் மட்டும் தட்டு, கரண்டி, மேசை எல்லாவற்றையும் தட்டினார்கள். யோர்டிஸுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. தபால் படகு வரும். ஒருவரும் மூட்டை கட்ட வேண்டாம். போர்கில் அவளைக் கட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், காபி வாசனை நல்ல சகுனம்னு," என்றாள். அவள் அப்படி எப்போதும் சொன்னதில்லை. யோர்டிஸ் அதையும் மன்னித்தாள்.

கண்ணைத் துடைக்கக் குனிந்தபோதுதான் மேசைக்கு அடியில் பார்த்தாள். போர்கில்லின் காலில் வெறும் கம்பளிக் காலுறை. ஐலர்ட்டின் காலிலும் அதுவே. தன் காலிலும் அதுவே. ஒன்பது பேரும், யாரும் சொல்லாமலே, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார்கள். வீடு எரிந்தாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் தீயணைக்கப் போகிற ஊர் அது. கூடத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர்களோ ஷூவோடு கம்பளத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

மார்த்தே கண்ணில் பட்டால் துறை போச்சு. யோர்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நழுவினாள். ஒன்பது ஜோடியையும் அள்ளிக்கொண்டு எங்காவது ஒளித்துவிட வேண்டும்.

வாசலில் சுவரோரம் பூட்ஸுகள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றன. அவள் எண்ணினாள். தன் கண்ணை நம்பாமல் மார்த்தே மாதிரி விரல் நீட்டி மறுபடி எண்ணினாள். இருபது ஜோடி.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். செந்தாடிக்காரர், சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு, மூன்றாவது தட்டுக் குழம்போடு நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் பேசியது ஆங்கிலம் இல்லை. வடகரைப் பேச்சு, யோர்டிஸின் சொந்தப் பேச்சு.

"பயப்படாம சாப்பிடுங்க தங்கச்சி. எங்க ஆளில்லாத் தீவுக்குப் போன வருஷமே துறை கட்டிட்டாங்க. இந்த வருஷம் நாங்க பதினோரு பேரும் சாப்பாட்டுக்குத்தான் ஏறினோம்."