நெருப்புக் குதிரையும் ஜூன் ஒன்றும்

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலையூர் கேம்ப் ரோடு நகரவே இல்லை. கல்யாண மண்டப வாசலில் ஸ்கூட்டர்கள் மூன்று வரிசை. உள்ளே கல்யாணம் இல்லை, சீனா இருந்தது. 'நெருப்புக் குதிரை ஆண்டு பிறக்கிறது! உங்கள் விலங்கு என்ன சொல்கிறது?' என்று பேனர் கேட்டது. கேட்டவர் மாஸ்டர் ஷ்யாம்சுந்தர். சீனாவுக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு அவருடைய சிவப்புப் பட்டுச் சட்டை. அதுவும் தாம்பரத்தில் தைத்தது.

சீனப் பொம்மை ஒரு வாரம்கூட உழைக்காது என்று அலுத்துக்கொள்பவர்கள், சீன ஜோதிடம் மட்டும் ஆயுளுக்கும் உழைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி வரிசையில் தினகரன். மனைவி கீதா டெங்குவில் போய் ஒரு வருடம் ஆகிறது. மாஸ்டரின் கணக்கில் டெங்கு கிடையாது, குற்றவாளி தினகரன்தான். சீனக் கணக்கில் பிறந்த வருடத்துக்கு ஒரு விலங்கு, மொத்தம் பன்னிரண்டு. அவன் குதிரை. ஐந்து வயது மகள் கயல் எலி. குதிரை எலியை மிதித்துவிடும். ஆகவே செவ்வாய்க்கிழமை ஆண்டு பிறந்ததும் குழந்தை அப்பாவைப் பிரிந்து, மேடவாக்கத்தில் மாமியார் லோகநாயகி வீட்டுக்குப் போயாக வேண்டும். கயலின் துணிப்பை ஏற்கெனவே அங்கே போய்விட்டது.

"எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சாரு மாப்ள," என்றாள் பக்கத்தில் இருந்த லோகநாயகி. "கீதா போனது, நீங்க வேலைய மாத்தினது, கயல் தூக்கத்துல அழறது. உங்க பிறந்த தேதி மட்டும்தான் குடுத்தேன்."

"எந்தத் தேதி அத்தை?"

"ஆதார்ல இருக்கறதுதான். லவ் மேரேஜ்னு ஜாதகமே பாக்கலையே நீங்க."

தினகரன் மேடைப் பக்கம் திரும்பினான்.

மேடையில் மாஸ்டர் முடிச்சூர் குப்புராஜைப் பார்த்தார். "ஐயா, உங்களுக்கு நீர் கண்டம். வீட்டுக்குள்ள ஒரு தடவ தண்ணி வந்திருக்கு."

மண்டபம் மூச்சை இழுத்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூரில் தண்ணீர் வராத வீடு எது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்து மேடவாக்கத்து ஜெயஸ்ரீ. "உங்களுக்கு நீர் பற்றாக்குறைம்மா." லாரித் தண்ணீரை நினைத்து அவள் கண் கலங்கினாள்.

தினகரன் எழுந்து மைக்கை வாங்கினான். "ஜூன் ஒண்ணு, தொண்ணூறு."

பக்கத்தில் லோகநாயகி கும்பிடுவதை மாஸ்டர் பார்த்தார். கண்ணை மூடினார். மனைவி, வேலை, குழந்தையின் அழுகை, எல்லாம் வரிசையாக வந்தன.

"கேட்டீங்களா மாப்ள?" என்றாள் லோகநாயகி.

"எல்லாம் சரிதான் மாஸ்டர். ஆனா அந்தத் தேதி எங்க ஹெட்மாஸ்டர் போட்டது. ஸ்கூல்ல சேக்க வயசு பத்தலன்னு அவரே ஒரு வருஷம் கூட்டிட்டார். நான் பொறந்தது தொண்ணூத்தொண்ணு ஆகஸ்ட்."

மாஸ்டர் விரல்விட்டு எண்ணினார். "அப்ப நீங்க ஆடு. ஆடும் மனைவிய இழக்கும்."

"குதிரையும் இழக்கும், ஆடும் இழக்குமா? நான்தான் குதிரையே இல்லையே. அப்ப என் கதைய எதுல பாத்துப் படிச்சீங்க?"

குப்புராஜ் எழுந்தார். "இன்னாபா இது, எனக்கும் ஜூன் ஒண்ணுதான். எங்க தெருவுல இஸ்கூலுக்குப் போன அத்தினி பேருக்கும் ஜூன் ஒண்ணுதான். அப்ப என் மிருகம் இன்னான்னு முடிவு பண்ணது சீனாக்காரனா, எங்க வாத்தியாரா?"

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்கு வந்தது. 'எனக்கும் ஸ்கூல் தேதிதான்' என்று கைகள் எழுந்தன.

லோகநாயகி சிரிக்கவில்லை. வாசலில் கிரீன் டீ கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணையே பார்த்தாள்.

"போன தடவ இவதான் என் கையப் புடிச்சுக்கிட்டு, என்ன கஷ்டம் ஆன்ட்டின்னு கேட்டா. நான் எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அப்புறம்தான் மாஸ்டர உள்ள போய்ப் பாத்தேன்."

டீத் தட்டு சமையற்கட்டுப் பக்கம் நழுவியது. மாஸ்டருக்கும் அதே பக்கமாக ஒரு அவசர போன் வந்தது.

கயலின் துணிப்பையைத் திரும்ப எடுத்துவர தினகரனும் லோகநாயகியும் மேடவாக்கம் போனார்கள். கயலுக்கென்று ஒழித்து வைத்த அறையின் மூலையில் ஒரு செம்புப் பாத்திரம் நிறையத் தண்ணீர். அதன் நடுவே குதிரைப் பொம்மை. நெருப்பை நீர் தணிக்குமாம். ஆண்டு முடியும்வரை தண்ணீரை மாற்றக் கூடாதாம். மாஸ்டர் சொன்ன பரிகாரம்.

தினகரன் குனிந்தான். குதிரையின் காலைச் சுற்றிக் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

லோகநாயகியும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பாத்திரத்தை அவளே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தாள்.

பன்னிரண்டு விலங்குகளுக்கும் பயந்து பரிகாரம் செய்கிறோம். கீதாவைக் கொன்றது அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதை நம் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம். யோசித்துப் பார்க்க எந்த ஆண்டு பிறக்க வேண்டும்?