ஆதாரம் சார் கடவுளை நிரூபித்தார்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வழிபாட்டுக்குப் போவதில்லை என்று ஆதாரம் சார் முடிவெடுத்தபோது காலை மணி ஆறு. முடிவெடுத்த இடம் கட்டில்.

அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். வாரத்தில் ஆறு நாள் விடிவதற்கு முன்பே எழுந்து, வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசி குத்துவார். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்பார். குடியிருப்பில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவருக்கு வாரத்தில் வாய்ப்பது ஒரே ஒரு தூக்கம். அதையும் கடவுள் பேரைச் சொல்லிப் பிடுங்கினால் கோபம் வருமா, வராதா?

"இருபது வருஷமா மைக்ராஸ்கோப்ல பார்க்கிறேன். கிருமியைப் பார்த்திருக்கேன். கடவுளைப் பார்த்ததில்லை."

"கிருமியைத் தேடினீங்க, கிருமி கிடைச்சுது. எழுந்திரிங்க," என்றாள் மனைவி.

"முடியாது. வர்ற சனிக்கிழமை நம்ம குடியிருப்புச் சங்கத்துல விவாதப் போட்டி இருக்குல்ல? தலைப்பே 'கடவுள் உண்டா, இல்லையா'தான். நீயும் நானும் மோதுவோம். நான் ஜெயிச்சா, இந்த ஜென்மத்துல நீ என்னை வழிபாட்டுக்குக் கூப்பிடக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"வாயே திறக்காம வர்றேன்."

"சரி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதில்லை. அப்போதே மனிதர் சுதாரித்திருக்க வேண்டும்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார். தெரிந்ததையே ஒப்பித்தால் அது விவாதமா என்பது அவர் கட்சி. ஆதாரம் சாருக்கும் அது விஞ்ஞானபூர்வமாகப் பட்டது. ஐம்பதுக்கு ஐம்பது! கையெழுத்து அழகாக இருக்கும் என்று சீட்டு எழுதும் வேலையை மனைவிக்குக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சங்க அறையில் குலுக்கல். சார் எடுத்தார். பிரித்தார். 'உண்டு.'

மற்ற சீட்டை யாரும் பிரிக்கவில்லை.

அன்று பிடித்தது சனி. தோற்றால் வழிபாட்டுக்குப் போக வேண்டும். போகாமல் தப்ப வேண்டுமானால் கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். கொள்கையா, தூக்கமா என்று இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் ஒரு கொட்டாவி வந்தது. கொள்கை கவிழ்ந்தது.

மேடையில் மனைவி அரை நிமிடம் பேசினாள். "கடவுள் இல்லை. பார்த்தவங்க யாருமில்லை. நன்றி."

சார் பிடித்துக்கொண்டார் பாருங்கள்! ஒரு சொட்டு ரத்தத்தில் இத்தனை கோடி அணுக்களை எண்ணி வைத்தது யார்? டாக்டரே கைவிட்ட பெரியவர் மறுமாதம் நடந்து வந்து, ரிப்போர்ட் தாமதம் என்று சண்டை போட்டாரே, அந்தத் தெம்பைக் கொடுத்தது யார்? மூன்றாம் மாடித் தையல்கார அம்மா விம்மி விம்மி அழுதார். சாருக்கே ஒரு கணம் கண் கலங்கியது. ஃபேன் தூசி என்று சமாளித்தார். வெற்றி!

சங்க அறையில் நாற்காலிகளை அடுக்கும்போது, குலுக்கிய டப்பாவிலேயே கிடந்த மற்ற சீட்டு சார் கையில் கிடைத்தது. அதிலும் 'உண்டு.' மாடிப்படி அதிரச் சிரித்தார்.

"அடி கள்ளி! ரெண்டுலயும் ஒண்ணையே எழுதி என்னைக் கவுக்கப் பார்த்தியா? கடைசியில மாட்டினது யாரு?"

"நீங்க கெட்டிக்காரர்ங்க," என்றாள் அவள் பணிவாக.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. சொன்ன சொல் தவறாதவள். அழைப்பு மணிதான் கூப்பிட்டது. வாசலில் வழிபாட்டு மன்றத் தலைவர், பின்னால் தையல்கார அம்மா, அவருக்குப் பின்னால் பதினோரு பேர்.

"நேத்து நீங்க பேசினதுல ஆடிப் போயிட்டோம் சார். இனி வாரா வாரம் நீங்கதான் பேசணும். ஜனங்க வந்து உட்கார்ந்தாச்சு."

"இல்ல... எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை..."

"உங்க நம்பிக்கையைத்தான் கண்ணால பார்த்தோமே!" தையல்கார அம்மாவுக்கு மறுபடி கண்ணீர் முட்டியது. அழுகிற முகத்தைப் பார்த்து ஆதாரம் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. மனைவியை முறைத்தார்.

"நான் கூப்பிடலையே," என்று தேய்த்த சட்டையை நீட்டினாள்.

பொத்தான் போட்டுக்கொண்டே படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "நீ கிளம்பலையா?"

"அத்தனை பேர் முன்னாடி கடவுள் இல்லைன்னு சொன்னவ நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க வர்றது? கொஞ்சம் தூங்குறேன். கதவைச் சாத்திட்டுப் போங்க."