மன்னிப்புக்காகக் காத்திருந்த காடு

ஒரு காட்டில் எல்லா மிருகங்களிடமும் போன் இருந்தது. வாசிக்கும் பழக்கம்தான் இல்லை. அங்கே வாரம் ஒரு மின்மடல் அனுப்பும் வேலையைச் செங்கமலம் என்ற காட்டுக்கோழியிடம் சிங்கராஜா கொடுத்திருந்தார். எங்கே புல் முளைத்திருக்கிறது, எந்தப் பாலம் ஆடுகிறது என்று அவளும் பொறுப்பாக எழுதி அனுப்புவாள். திறந்து படிப்பது ஏகாம்பரம் என்ற ஆமை ஒருவர்தான். அவரும் பிழை பிடிக்கத்தான் படிப்பார்.

ஒருநாள் ராஜா கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்த மாசத்துக்குள்ள பாதிப் பேராவது மடலைத் திறக்கணும் செங்கமலம். இல்லேன்னா உன்னை சமையல்கட்டுக்கு மாத்திடுவேன்."

"சமைக்கவா, ராஜா?"

ராஜா உதட்டை நக்கிக்கொண்டார். பாவம், செங்கமலம் ஓடிப்போய் அடுத்த மடலை எழுத உட்கார்ந்தாள்.

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. யானை வேதாசலத்துக்கு அறுபதாம் கல்யாணம். போன வாரம் செத்துப்போன குரங்குக்காகப் போட்ட மடலையே எடுத்து, குரங்கு படம் இருந்த இடத்தில் யானை படத்தை வைத்தாள். மேலே இருந்த 'கண்ணீர் அஞ்சலி'யை எடுக்க மறந்துவிட்டாள். ஏகாம்பரம் போன் போட்டுக் கத்திய பிறகே விஷயம் தெரிந்தது. பதறிப்போய் இன்னொரு மடல் அனுப்பினாள். தலைப்பு: 'மன்னிக்கவும்! யானையார் உயிரோடுதான் இருக்கிறார்.'

காடே திறந்து படித்தது. வேதாசலம் மட்டும் நாலு தடவை திறந்து, தான் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

அப்புறம் என்ன, கோழிக்குப் பிழைக்க வழி தெரிந்துவிட்டது. வாராவாரம் ஒரு தப்பான செய்தி, மறுநாள் ஒரு மன்னிப்பு. மயிலுக்கும் காட்டெருமைக்கும் நிச்சயதார்த்தம் என்றுகூட எழுதினாள். கூச்சமே இல்லை அவளுக்கு. எல்லாரும் இரண்டையும் விடாமல் படித்தார்கள்.

ஒரு வாரம் உண்மையாகவே குளத்துத் தண்ணீர் கெட்டுப்போனது. 'யாரும் குடிக்காதீர்கள்' என்று அனுப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் புளுகியவளை யார் நம்புவார்கள்? அழுதுகொண்டே குளத்துக்கு ஓடினாள்.

கரையில் ராஜா உட்பட அத்தனை பேரும் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை.

"என்னை நம்பினீங்களா?" என்றாள் செங்கமலம், நெகிழ்ந்துபோய்.

"உன்னை யாரு நம்பினா? மன்னிப்பு வரட்டும், படிச்சிட்டுக் குடிக்கலாம்னு இருக்கோம்," என்றது காட்டெருமை. "சீக்கிரம் அனுப்பும்மா, நாக்கு வறளுது."

ஏகாம்பரம் மட்டும், செய்தி சரிதானா என்று பார்க்க இரண்டு வாய் குடித்திருந்தார். அவர் புதருக்கும் கரைக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார். ஆமை அவ்வளவு வேகமாகப் போய் யாரும் பார்த்ததில்லை.

மாலையில் கொட்டிய மழையில் குளம் நிரம்பி வழிந்து சுத்தமானது. அதன் பிறகு செங்கமலம் அனுப்பினாள்: 'மன்னிக்கவும்! மன்னிப்புக் கேட்கத் தாமதமாகிவிட்டது.'

நூற்றுக்கு நூறு பேர் திறந்தார்கள். புதருக்குள் இருந்தவரும் திறந்தார்.

நீதி: தப்பாக எழுதி மன்னிப்புக் கேட்பவர் நீடூழி வாழ்வார், சரிபார்த்துப் படிப்பவருக்கு வயிற்றுப்போக்கு நிச்சயம்.