துண்டுக்கு அடியில் மூன்று விரல்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் துண்டுக்காரரை ஏமாற்றிய மனிதனும் இல்லை, மாடும் இல்லை. அவரை ஏமாற்றியவை அவருடைய சொந்த வெள்ளை அணுக்கள் மட்டுமே.

மாட்டுத் தரகரான அவர் விலையை வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. துண்டைப் போர்த்தி, அதற்கடியில் எதிராளியின் விரல்களை அழுத்தித்தான் பேரம். ஒருநாள், சந்தை முக்கில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு முகம் பணியாரமாய் உப்பி வந்து நின்றார். சிறுநீரில் கறந்த பால் மாதிரி நுரை. இருக்கவே கூடாத புரதம் மூன்று பிளஸ்.

பாலக்காட்டு டாக்டர் சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் எதிர்ப்பு அணுக்களே சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான், விளக்காமல் விடுவேனா? எதிரி எது, சொந்த உடம்பு எது என்று அணுக்களுக்குக் குழம்பிப்போவதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

"காவலுக்கு வெச்சவனே ஊட்டை இடிக்கறான்னு சொல்லு," என்றார் துண்டுக்காரர். " ஆளைக் காட்டு கண்ணு."

சிறுநீரில் வந்திருந்த வெள்ளை அணுக்களை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.

"பல்லு புடிச்சுப் பாக்க வழியில்லையா? வயசு தெரியோணுமல்ல."

பிறகு லென்சுக்குள்ளேயே சண்டைக்குப் போனார். "டேய், தின்ன எடத்துலயே முட்டறீங்களே, வெக்கமா இல்லீங்களாடா?"

அவற்றை அடக்க டாக்டர் மாத்திரை எழுதினார். வீக்கம் வடிந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும், அப்புறம் டயாலிசிஸ்தான். துண்டுக்காரர் சட்டென்று துண்டை விரித்து டாக்டரின் கையை உள்ளே இழுத்தார். தினம் இரண்டு மாத்திரை குறைக்கச் சொல்லி இரண்டு விரலை அழுத்தினாராம். ஒன்றும் புரியாத டாக்டர், ஆறுதலாக அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கி, "முடக்கருது கேட்டோ" என்று, ஒரு வேளைகூட விடக் கூடாது என்பதை மலையாளத்தில் சொன்னார்.

துண்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"முழுசுக்கும் முடிச்சுட்டாரு கண்ணு. இனி மாத்திப் பேசுனா சந்தையில நான் எப்பிடித் தலை காட்டறது?"

அவ்வளவுதான். உப்பை விட்டார். தொற்று வராமலிருக்க முகமூடி போட்டார், மாடுகள் மிரண்டன. வீக்கம் வடிந்ததும் சக தரகர் ஒருவர், "இன்னும் எதுக்குங்க மாத்தரை? நாட்டு மருந்து வேரு ஒண்ணு தர்றனுங்க" என்றார்.

"கை புடிச்சாச்சுங்க. நடையக் கட்டுங்க."

மாதாமாதம் ரிசல்ட் கேட்க வருவார். காகிதத்தைத் தொடமாட்டார், நாலு பேர் முன்னால் தன் சரக்கின் குறையை எந்தத் தரகர் காட்டுவார்? எனவே துண்டுக்கடியில், ஒரு பிளஸுக்கு ஒரு விரலாக, நான் மூன்று விரல் அழுத்துவேன். பல மாதம் அதே மூன்று. பிறகு இரண்டு. மறுபடியும் மூன்று.

"உள்ள இருக்கற அவனுகளுக்கே அத்தனை புடிவாதம்னா எனக்கு எத்தனை இருக்கோணும்?" என்று மாத்திரை போடக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் இரண்டு. ஒன்று.

போன வாரச் சந்தையன்று துண்டுக்குள் கையை நீட்டினேன். எந்த விரலையும் அழுத்தவில்லை. என் விரல்களை அவரே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியா கண்ணு?" முதன்முறையாக ரிசல்ட்டை வாயால் கேட்டார்.

"இல்லீங்க மாமா. ஆனா டாக்டர் சொல்ற வரைக்கும் மாத்தரையை நிறுத்தக் கூடாதுங்க."

"அதான் கை புடிச்சாச்சே."

பேரம் முடிந்ததும் கையை எடுத்துவிடுவது சந்தை வழக்கம். அவர் எடுக்கவில்லை. நானும்தான்.